பகிர்ந்த சுவர்: பேராக்கின் இரட்டை வீடுகளும் அவற்றின் சுதையும் இரும்பும்

ஈப்போவின் கட்டடக்கலையைப் பற்றி எழுத வருகிறவர்கள் ரயில் நிலையத்தில் தொடங்கி, நகர மண்டபத்தைப் பார்த்து, பழைய நகரின் கடைவீடுகளைச் சுற்றி, பத்து காஜாவுக்கு அருகே உள்ள கெல்லி மாளிகையில் முடிப்பது வழக்கம். அவை ஒவ்வொன்றும் எழுதத் தகுந்தவைதாம். ஆனால் இந்தப் பட்டணத்தின் நடுத்தர வாழ்க்கை நடந்த வீட்டுக்கு அந்த வரிசையில் இடமே கிடைப்பதில்லை. ஒரே கூரையின்கீழ், நடுவில் ஒரு சுவரை வைத்து, இடவலம் மாறி ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சுதை பூசிய முகப்பு, தூண்தலைகளில் இலையும் கொடியும், மாடி வராந்தாவில் இரும்புக் கிராதி, சன்னல்களில் வளைகம்பி, முகட்டு முக்கோணத்தில் கட்டிய ஆண்டு. ஈப்போக்காரர்கள் இதைச் செமி-டி என்பார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் தமிழர் கை பட்ட பகுதி சிறியதன்று.

பேராக்கின் பழைய வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் அளவுகோல் தோன்றியிருக்கிறது. காலனிக் காலத்தில் ஒருவர் எந்தப் படியில் நின்றார் என்று அறிய, அவருடைய வீடு அயல்வீட்டோடு எத்தனை சுவரைப் பகிர்ந்தது என்று எண்ணினால் போதும். மேட்டின்மேல் நின்ற துரை பங்களா யாரோடும் எந்தச் சுவரையும் பகிரவில்லை. கிராணி, ஸ்டேஷன் மாஸ்டர், பள்ளி ஆசிரியர், மருந்தகத்து டிரசர் போன்றோருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் பெரும்பாலும் ஒரு சுவரைப் பகிர்ந்தது. பட்டணத்துக் கடைவீடு இரண்டைப் பகிர்ந்தது. தோட்டத்து லயத்தில் வரிசையின் நடுவில் இருந்த குடும்பத்துக்கு இரு பக்கமும் அடுத்த வீடு. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய பழைய லயங்களில் பின்பக்கமும் அடுத்த வீடுதான். காற்றும் வெளிச்சமும், நோயும் சுகமும், கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ள முடிந்ததா என்பதும் இந்த எண்ணிக்கையைப் பின்பற்றியே அமைந்தன. இரட்டை வீடு இந்தக் கணக்கின் நடுவில் நின்றது. அதன் முகப்பு இவ்வளவு அலங்காரத்தைச் சுமந்ததற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. மூன்று பக்கத்தைச் சொந்தமாகப் பெற்றவர், நான்காவது பக்கத்தைத் தெருவின் கண்ணிலிருந்து மறைக்க விரும்பினார்.

வடிவம் வந்த வழி

இரட்டை வீடு பிறந்தது இங்கிலாந்தில். லண்டனின் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் ஏர் குடும்பத்துக்கு உரிய நிலத்துக்காக 1794இல் வரையப்பட்ட திட்டப்படத்தில், தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் இணை இணையாக நிற்பதைக் காணலாம். 1820களில் ஜான் நாஷ், ரீஜன்ட் பூங்காவை ஒட்டிப் பார்க் வில்லேஜ் கிழக்கு, பார்க் வில்லேஜ் மேற்கு என்று இரண்டு வளாகங்களைத் திட்டமிட்டபோது இணை வீடு மதிப்புள்ள வடிவமாகிவிட்டது. கணக்கு எளியது. ஒரு சுவர் மிச்சம், கொஞ்சம் நிலம் மிச்சம். இரண்டும் சேர்ந்து நிற்கையில் தெருவில் போகிறவர் கண்ணுக்கு ஒரே பெரிய மாளிகை. 1796இல் ஜேம்ஸ் பார்க்கர் காப்புரிமை பெற்ற ரோமன் சிமென்ட்டைச் செங்கல்லின்மேல் பூசிக் கோடு கிழித்தால் வெட்டுக்கல் கட்டடமாகத் தோன்றும். கல் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அந்தப் பூச்சு கல்லின் கண்ணியத்தைக் கொடுத்தது.

இந்த வடிவம் லண்டனிலிருந்து நேரே பேராக்குக்கு வந்துவிடவில்லை. இடையில் கல்கத்தாவும் சென்னையும் இருந்தன. ஆழமான வராந்தா, உயர்ந்த கூரை, தரைவரை இறங்கும் மரச்சன்னல், மேலே காற்றுப் போக்கி ஆகிய அனைத்தும் இந்தியாவில் பிழைக்கக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர் வீட்டின் உறுப்புகள். 1822இல் சிங்கப்பூருக்கு வந்த ஜார்ஜ் கோல்மன் அதற்கு முன் கல்கத்தாவில் வீடு கட்டியவர். நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளைப் பூச்சு வீடுகளில் கங்கைக்கரையின் சாயல் தெரிவதற்கு அவரைப் போன்றவர்கள் காரணம்.

பேராக்கில் 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகே பிரிட்டிஷ் நிர்வாகம் காலூன்றியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய ரயில்தான் தீபகற்பத்தின் முதல் ரயில். அந்தப் பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையினர். பாதை வந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து படித்த இளைஞர்கள் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். பொதுப்பணித் துறை பதவிக்கேற்ப வகுப்பு பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே வரைபடம் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கட்டியது. மேல்வகுப்புக்குத் தனி பங்களா, நடுவகுப்புக்கு இணை வீடு, கீழ்வகுப்புக்கு வரிசை. சுவரைப் பகிரும் கணக்கு அரசாங்கக் கோப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஈப்போ வளர்ந்தது ஈயத்தால். 1880களில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தேடிச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். அப்போது பட்டணம் பெரும்பாலும் அத்தாப்பும் பலகையும்தான். 1892இல் மூண்ட பெருந்தீ அதன் பெரும்பகுதியை விழுங்கியது. பிறகு செங்கல்லும் ஓடும் வந்தன. கிந்தா ஆற்றுக்குக் கிழக்கே, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், யாவ் டெட் ஷின் என்ற சுரங்க முதலாளி புதிய நகரத்தைக் கட்டியெழுப்பினார். 1909இல் பர்ச் நினைவு மணிக்கூண்டு, 1910களில் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடித்த நகர மண்டபமும் ரயில் நிலையமும், 1937இல் தைப்பிங்கிடமிருந்து மாநிலத் தலைநகர் என்ற நிலை. பொது மாளிகைகளின் இந்த வெண்மையே தனியார் வீடுகளுக்கும் அழகின் அளவாயிற்று. கடைவீட்டின் மாடியில் குடியிருந்து செல்வம் சேர்த்த சீனக் குடும்பங்கள் பட்டணத்தின் ஓரத்துக்கு நகர்ந்தபோது, இணை வீடாகக் கட்டி ஒன்றில் தாம் இருந்து மற்றதை வாடகைக்கு விட்டதுண்டு; அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டதும் உண்டு. நிலத்துக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும் இது ஒத்துப்போன வடிவம்.

செட்டியார்களின் பணம் எங்கே போயிற்று என்று இங்கே கேட்க வேண்டும். லஹாட் சாலைப் பக்கம் அவர்களுடைய தண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டியடிகளை வைத்து, சுரங்கத்துக்கும் கித்தா தோட்டத்துக்கும் கடன் கொடுத்தார்கள். கடனுக்கு ஈடாக நிலமும் வீடும் அவர்கள் கைக்கு வந்தன. ஆனாலும் ஈப்போவில் தமக்கென்று மாளிகை எழுப்பும் எண்ணம் பெரும்பாலோருக்கு இல்லை. முகவராக வந்தவர் சில ஆண்டு இருந்து ஊர் திரும்புவார். குடும்பம் செட்டிநாட்டில் இருந்தது. ஆகவே கிந்தாவின் ஈயமும் பேராக்கின் ரப்பரும் ஈட்டித் தந்த வட்டி, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் வார்ப்பிரும்புத் தூணாகவும் ஆயிற்று. பேராக்கின் சுதை வீடுகளைப் பற்றிய ஆய்வு செட்டிநாட்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிக் கணக்கோடு நின்றுவிடும்.

சுதை

சுண்ணாம்பின் வேலையைத் தெரிந்துகொண்டால் இந்த வீடுகளில் பாதி புரிந்துவிடும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகைக்குமேல் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துத் தணிந்து களியாகும். அந்தக் களியை மணலோடு கலந்து சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாகும். மலை மாவாகிச் சுவரில் திரும்ப மலையாவது என்று இதைச் சொல்லலாம். இதற்கு வேண்டிய மூலப்பொருள் ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. தம்புன், குனோங் ரப்பாட், சிம்பாங் பூலாய் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்றுதான். கல்லுமலை முருகன் கோவில் அமைந்துள்ள குனோங் செரோவும் அந்தக் கல்தான்.

பூச்சின் நுட்பம் இந்தியாவிலிருந்தும் வந்தது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியச் சிறைக்கைதிகள். அதன் உட்சுவர்களுக்குப் பூசிய சென்னைச் சுண்ணாம்பின் செய்முறையை, கைதிகளை மேற்பார்த்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, காய்ந்த பிறகு பளிங்குக்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்க்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இது நெருங்கிய உறவு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ந்த வழுவழுப்பு தெரியும்.

பேராக்கில் இந்தக் கைவேலையைப் படிக்கச் சிறந்த இடம் முடிக்கப்படாத ஒரு கட்டடம். ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதில் மலாயா வந்து, பத்து காஜாவுக்கு அருகே கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கினார். 1915இல் தம் பழைய வீட்டோடு சேர்த்து ஒரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. சென்னைப் பக்கத்திலிருந்து எழுபது பேரை வரவழைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. முதல் உலகப்போர் முடியும் காலத்தில் பரவிய இன்புளூயன்சா வேலையாட்களில் பலரைக் கொண்டுபோயிற்று. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஆக்னஸ் தோட்டத்தை விற்றுவிட்டார். அதை வாங்கியது ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் நிறுவனம். மாளிகை அப்படியே நின்றுபோனது. அதனால்தான் அதன் சுவர்களில் செங்கல், முதற்பூச்சு, மெருகுப் பூச்சு என்று ஒவ்வொரு படிநிலையையும் தனித்தனியே காண முடிகிறது. முடிந்த வீட்டில் மறைந்துவிடும் கொத்தனாரின் கை, முடியாத வீட்டில் வெளிப்பட நிற்கிறது.

நோய் பரவிய காலத்தில் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் அருகிலேயே மாரியம்மன் கோவில் எழுந்தது. அதன் மேல்தளத்துச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே கோட்டும் சூட்டும் அணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. மாளிகைக்குப் பூச்சு வேலை செய்ய வந்த சமூகம், தன் தெய்வத்தின் வீட்டில் அவருக்கும் சுதையால் ஓர் இடம் கொடுத்தது. சுற்றுலாக் கையேடுகள் மாளிகையின் ஆறு மாடிக் கோபுரத்துக்கும் சுரங்கப்பாதைக் கதைகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிவிட்டு, கோவிலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கட்டடக்கலை ஆய்வுக்கு இரண்டும் ஒரே கைகளின் வேலை என்பதே முதன்மையான செய்தி.

ஈப்போவின் தெருக்களில் இந்த மரபு தனித்து நிற்கவில்லை. பெரும்பாலான வீடுகளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர்கள் சீனர்கள். பழக்கொத்து, வௌவால், பியோனிப் பூ என்று அவர்களுடைய மங்கலச் சின்னங்கள் ஐரோப்பிய மாலை வளைவுகளோடு கலந்து முகப்பில் ஏறின. 1920களிலும் 1930களிலும் சிமென்ட்டோடு கற்சில்லு கலந்து பூசி, மேற்பரப்பைக் கழுவிச் சில்லை வெளிக்காட்டும் ஷாங்காய் பூச்சு பரவியது. அதற்கு வண்ணம் வேண்டாம். சாம்பல் நிறக் கல்லைப் போலவே இருக்கும். அத்துடன் இலையும் கொடியும் மறைந்து நேர்கோடும் படிக்கட்டு முகடும் வந்தன. ஒரே தெருவில் ஒரு முகட்டில் 1910களின் ஆண்டும் அடுத்த முகட்டில் 1930களின் ஆண்டும் இருந்தால், இரண்டுக்கும் இடையில் நடந்த மாற்றத்தைப் படிக்க வேறு நூல் வேண்டியதில்லை.

இரும்பு

வீட்டு இரும்பை வெறும் அழகு என்று எண்ணுவோர் அதன் வேலையைக் கவனிக்கவில்லை. இந்தத் தட்பவெப்பத்தில் சன்னல் தரைவரை இறங்க வேண்டும்; தாழ வரும் குளிர்காற்று படுத்திருப்பவரைத் தொட வேண்டும். மரக்கதவை முழுக்கத் திறந்தால் குழந்தை விழுந்துவிடும். அதனால் கீழ்ப்பாதிக்குக் கிராதி. கதவுக்கு மேலுள்ள அரைவட்டத்தில் கம்பி வளைத்தால் இரவு முழுதும் காற்று வரும், திருடன் வரமாட்டான். காற்றை அனுமதித்து ஆளைத் தடுப்பதற்கு இரும்பைவிட மெலிந்த தடுப்பு கிடையாது. அலங்காரம் அதற்குப் பிறகு வந்தது. நடுச்சுவர் பொதுவாகிவிட்ட வீட்டில், என் வாசல் இது, உன் வாசல் அது என்று பிரித்துக் காட்டும் பொறுப்பும் கேட்டுக்கும் கிராதிக்கும் வந்து சேர்ந்தது.

முதல் தலைமுறை இரும்பு கப்பலில் வந்தது. கிளாஸ்கோவின் வால்டர் மக்ஃபார்லேன் நிறுவனம் தன் சாரசன் வார்ப்படச் சாலையில் தூண், கைப்பிடிக் கிராதி, வராந்தா மூலைத்தாங்கி, மழைநீர்க் குழாய் எல்லாவற்றையும் எண் போட்ட பட்டியலாக அச்சிட்டு உலகெங்கும் விற்றது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் சந்தைக்கு 1894இல் இரும்பு வார்த்துக் கொடுத்தது அந்த நிறுவனமே. கிளாஸ்கோவின் அச்சில் வார்த்த ஒரே இலைவடிவம் பம்பாயிலும் பினாங்கிலும் இருந்தால் வியப்பில்லை. வார்ப்பிரும்பு கனமானது, அடித்தால் உடையும். அதன் பூவும் இலையும் தடித்திருக்கும். தேனிரும்பு கொல்லரின் சுத்தியலுக்கு வளைவது. அதன் சுருள் மெலிந்து கூர்ந்து முடியும். கிராதியில் கை வைத்துப் பார்த்தாலே எது அச்சில் பிறந்தது, எது பட்டறையில் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

1930களுக்குப் பிறகு உள்ளூர்ப் பட்டறைகள் பட்டைக்கம்பியை வளைத்துப் பற்றவைத்து இந்த வேலையை எடுத்துக்கொண்டன. உதயசூரியக் கதிர், மின்னல் கோடு, வட்டத்துக்குள் வட்டம், வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து என்று ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் கைவரிசை. ஐம்பதுகளில் மரக்கதவுச் சன்னலுக்குப் பதில் நாக்கோ கண்ணாடிச் சட்டம் வந்தபோது அதற்கு உட்புறமும் கிரில் ஏறியது. கடைவீடுகளின் பின்சந்தில் நிற்கும் சுருள்படிகளைப் படம் எடுக்கிறவர்கள் மிகுதி. இந்தக் கிரில்களை யாராவது ஒரு தெரு முழுக்க வரைந்து தொகுத்தால் ஈப்போவின் பட்டறைகளுக்கு ஒரு வரலாறு கிடைக்கும்.

தோட்டத்துப் பக்கம்

பேராக்கின் வீட்டு வரலாற்றைப் பட்டணத்தோடு நிறுத்துவது முறையாகாது. 1877இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது, கோலகங்சாரில் ரெசிடன்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது காடு அழிந்து தோட்டம் பரந்தது. கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அந்த வழி திறந்திருந்தது.

தோட்டத்தின் அமைப்பே சுவர்க்கணக்கின் வரைபடம். மேட்டில் பெரிய துரையின் பங்களா, நாலு பக்கமும் வராந்தா, புல்வெளி. சற்றுக் கீழே சின்ன துரை. ஆபீஸ் பக்கத்தில் கிராணிக்கும் டிரசருக்கும் இணை வீடு. பள்ளத்தில் லயம்: பலகைச் சுவரும் தகரக் கூரையுமாய், ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடி அறை. பலகைச் சுவர் கூரைவரை ஏறாத லயங்களில் ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் வரிசை முழுவதையும் எழுப்பும். பால்மரம் சீவப் போகிறவர்கள் விடியுமுன், வருகைப் பதிவு எடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். தூக்கம் அவர்களுக்குப் பெருஞ்செல்வம். அந்தச் செல்வத்தைப் பறித்தது பகிர்ந்த சுவர்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16 அன்று எல்பில், ஃபின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்கம்பி வேலி போட்டார்கள். வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. பட்டணத்து முகப்புகளில் இரும்பு பூவாக வளைந்துகொண்டிருந்த அதே ஐம்பதுகளில் தோட்டத்துக்கு வந்த இரும்பு முள்ளாக இருந்தது. பேராக்கின் இரும்பு வேலை பற்றிய எந்தக் கட்டுரையும் இந்த வேலியை விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் தோட்டத் தொழிலாளிக்கும் இரட்டை வீடு கிடைக்கத் தொடங்கியது. நீண்ட லயத்துக்குப் பதில் இரண்டு குடும்பம் ஒட்டியிருக்கும் சிறு வீடுகள்: இடுப்பளவுக்குச் செங்கல்லும் சிமென்ட்டுப் பூச்சும், அதற்குமேல் பலகை, பின்னால் தனி அடுப்படி. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1990இல் அது விரிவாக்கப்பட்டது. முகப்பில் சுதைப்பூ கிடையாது, வார்ப்பிரும்பு கிடையாது. ஆனாலும் மூன்று சுவரிலிருந்து ஒரு சுவருக்கு வந்தது, ஒரு தலைமுறையின் தூக்கத்தையும் நலத்தையும் மாற்றிய நகர்வு. வாசலில் துளசி மாடம், பக்கவாட்டில் முருங்கையும் வாழையும், சேமித்த காசில் போட்ட ஒரு வளைகம்பிக் கேட் என்று அந்த வீடுகளுக்கும் முகம் முளைத்தது. ஈப்போவின் மாடி வில்லாவையும் இந்தத் தோட்டத்து இணை வீட்டையும் ஒரே வடிவத்தின் இரு கிளைகளாகவே நான் பார்க்கிறேன். இரண்டாவதைக் கட்டடக்கலை என்று அழைக்கத் தயங்குவது நம் பார்வையின் குறை.

அந்தக் கிளை வேகமாக வெட்டப்பட்டுவிட்டது. ஐம்பதுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கவைத்தார். சில தோட்டங்கள் பிழைத்தன. பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. அதற்கு வேலையாட்கள் குறைவாகப் போதும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டம் வீட்டு மனையாக மாற, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. மறுபடியும் இருபக்கமும் சுவர், இப்போது மேலேயும் கீழேயும்கூட. கோவில் சில இடங்களில் தனித்து நிற்கிறது. துரை பங்களாக்களில் சில விருந்தினர் விடுதியாகத் தப்பிவிட்டன. இணை வீடுகளும் லயங்களும் பெரும்பாலும் தரைமட்டமாயின.

காக்கும் வழி

பட்டணத்து வீடுகளை நீண்ட காலம் காத்தது வாடகைக் கட்டுப்பாடு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பழைய கட்டடங்களின் வாடகை உறைந்திருந்தது. உரிமையாளருக்கு இடிக்கவும் ஆதாயமில்லை, பழுதுபார்க்கவும் ஆதாயமில்லை. 1997இல் அது நீக்கப்பட்டு, 1999 முடிவோடு கட்டுப்பாடு விலகியது. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஈப்போவுக்கு அந்தக் குடை இல்லை. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் தனிக் கட்டடங்களை அறிவிக்க வழி செய்கிறது. அந்த வழியில் இதுவரை சென்றவை பெரும்பாலும் பொது மாளிகைகளே. அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ் இருந்த கிரீன்டவுனில் இன்று வணிகக் கட்டடங்கள் நிற்கின்றன.

இரட்டை வீட்டுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஒரு முகப்புக்கு இரண்டு உரிமையாளர். இடப்பக்கத்தார் விற்றுவிட, வலப்பக்கத்து வீடு பல வாரிசுகளின் பெயரில் பூட்டிக் கிடக்கும். முகட்டு முக்கோணத்தின் நடுவில் செங்குத்துக் கோடு போட்டதுபோல் வண்ணம் பிரியும். ஒரு பாதியில் அலுமினியச் சன்னல், மறுபாதியில் அரசமரக் கன்று. ஒன்றை இடித்தால் நடுச்சுவர் வெயிலுக்கும் மழைக்கும் வெளிப்பட்டு மற்றதும் நோய்கொள்ளும். தனி வீட்டை மனத்தில் வைத்து எழுதிய பாதுகாப்பு விதிகள் இங்கே உதவா. இரண்டு பாதியையும் ஒரே கட்டடமாகக் கருதி, கூரைக்கும் முகப்புக்கும் மட்டுமாவது இரு உரிமையாளரும் சேர்ந்து மானியம் பெறும் வழியை ஈப்போ மாநகர மன்றம் வகுக்கலாம்.

பழுதுபார்ப்பதில் நடக்கும் தவறு இன்னும் பெரிது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். மழையில் நனைந்த சுவர் அதன் வழியே உலரும். விரிசலைச் சிமென்ட்டால் அடைத்து, மேலே பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் தைப்பிங்கில் இந்தச் சேதத்தைத் தெருத்தெருவாகக் காணலாம். இரும்புக்கும் அப்படியே. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்ளும். சுவரில் பதித்த கம்பி துருவேறிப் பருத்தால் சுற்றியுள்ள சுதையையே வெடிக்கவைக்கும். கம்பியின் அடியைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, சுண்ணாம்பால் மூடுவது அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் கிராதியையே அறுத்து இரும்புக்கடையில் போடுகிறார்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை இருக்கிறது. மலேசியக் கோவில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவது மரபு. அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்து மாதக்கணக்கில் தங்கிக் கோபுரச் சுதையைச் செப்பனிடுகிறார்கள். அவர்களும் இன்று பெரும்பாலும் சிமென்ட்டுக்கு மாறிவிட்டார்கள் என்றாலும், சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்த முதிய கைகள் அந்தக் குழுக்களில் இன்னும் உண்டு. அவர்கள் இங்கே இருக்கும் காலத்தில் பேராக்கின் தொழிற்பயிற்சி மாணவர்களை அவர்களோடு சேர்த்துவிடலாம். ஈப்போவின் கற்சுரங்கங்களுக்கு அருகிலேயே சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீற்றிப் புளிக்கவைக்க ஒரு குழி போதும். முதல் பயிற்சிச் சுவராகப் பாதி கைவிடப்பட்ட ஓர் இரட்டை வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கூடவே, செம்பனைக்கு நடுவில் இன்னும் நிற்கும் தோட்டத்து இணை வீடுகளில் ஒன்றிரண்டையாவது அதே மாணவர்கள் அளந்து, வரைந்து, யார் யார் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்று முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். நிலம் கைமாறிய மறுநாள் இயந்திரம் வந்துவிடுகிறது. அளக்கும் வேலையை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிவைக்க முடியாது.